சூளையில் காயாத நீலம்

"தொட்டுப் பாருங்கண்ணே, ஈரமா—"

"சூளைலேர்ந்து வந்தது எப்பிடிம்மா ஈரமா இருக்கும், உன் கை வேர்த்துகினு—"

"என் கை காய்ஞ்சுதான் இருக்கு, டைல்ஸ்தான்—"

"டைல்ஸுக்கு வேர்க்குமா? இன்னா பேசற நீ!"

ஆயிரத்து இருநூறு டிகிரியில் வெந்து ஆறி வெளியே வந்த நீல டைல்ஸில் தண்ணீர் இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில், சுவர் டைல்ஸில் படம் அச்சிடும் சம்பந்தத்தின் ஷெட்டில், ஒரு புதன்கிழமை மத்தியானம் நடந்தது இது. அங்கே மை தயாரிக்கும் மஹ்ஜபீன் விரல் வைத்தால் வட்டமாக அலை பரவியது. எடுத்தால் அடங்கியது. ஒரு சொட்டும் கீழே வழியவில்லை.

எண்ணெய் மையில் அச்சடித்தால் சூளை வாயில் கண்ணைக் கரிக்கும் புகை வரும். ஷெட்டைப் பெருக்கும் சரசா நாள் முழுக்க இருமுவாள். தண்ணீரில் மை செய்தால் புகை இருக்காது என்று மஹ்ஜபீன் பூந்தமல்லியிலிருந்து வந்து சேர்ந்தாள். முதல் வருடம் அரைத்த நிறமெல்லாம் அடியில் போய்த் தங்கியது. மறு வருடம், அச்சு மெஷினின் மயிரிழையைவிட மெல்லிய துளைகளில் மை காய்ந்து அடைத்துக்கொண்டு, அச்சடித்த வானப் படமெங்கும் வெள்ளைக் கோடு விழுந்தது. சம்பந்தம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்: இந்தத் தடவை ஒரு கோடு விழுந்தாலும் எண்ணெய் மைதான் மெஷினில் ஏறும், தண்ணீர்ப் பேச்சே கிடையாது. இந்தத் தடவை கோடு விழவில்லை. அலை விழுந்தது.

சரசாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்த ஷெட்டில் குடிக்க, கழுவ, மைக்கு என்று எல்லாத் தண்ணீருக்கும் ஒரே மாதிரி கேன்தான்.

"மைக்கு எந்தக் கேனைக் குடுத்தே சரசா?"

"செவுத்தோரம் இருந்திச்சே, அதான்க்கா."

"ஐயோ, அது தரை கழுவ அயனம்பாக்கம் ஏரியிலேர்ந்து நீ கொண்டாந்ததாச்சே! அப்ப நான் வாங்கி வெச்ச காய்ச்சி வடிச்ச தண்ணி?"

"அதுலதான் காத்தால டீ போட்டேன்."

"அதான் டீ சப்புனு இருந்திச்சா!" என்றார் சம்பந்தம். காலையிலிருந்து பால்காரனைத் திட்டித் தீர்த்திருந்தார் மனிதர்.

ஏரித் தண்ணீரின் உப்புக்கு மை தயிர்போலத் திரிந்திருக்க வேண்டும், திரியவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கெண்டை மீன் இந்த டைல்ஸிலிருந்து பக்கத்து டைல்ஸுக்குப் போனது. சம்பந்தம் அந்த டைல்ஸைத் தள்ளி வைத்தார். மீன் ஓரத்தில் வந்து காத்திருந்தது. ஒட்டி வைத்தார். தாண்டி வந்தது.

"மீனு நம்ம டிசைன்லயே இல்லியேம்மா!"

"இல்லதான்! ஆனா கோடு எங்கண்ணே? ஒரு கோடு காட்டுங்க பாப்போம்!"

கண்ணாடியை மாற்றிப் போட்டுத் தேடினார். கிடைக்கவில்லை. சாயங்காலம், வெள்ளானூரில் அடுக்குமாடி கட்டும் விஷால் சாம்பிள் பார்க்க வந்தார். ஷேடு மாறாமல் வருமா என்று கேட்டார். காற்றடித்தால் மட்டும் மாறும் என்றார் சம்பந்தம், பொய் சொல்ல வராதவர். பரவாயில்லை, குளியலறைக்குத்தானே என்று விஷால் அத்தனை வீட்டுக்கும் ஆர்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதன்பின் வெள்ளானூர்க் குளியலறைச் சுவர்களில் சித்திரையில் தண்ணீர் இறங்கிச் சேறு தெரிந்தது. ஐப்பசியில் கூரைவரை ஏறியது. ஐ.டி. வேலைக்குப் போகிறவர்கள் சுவரைப் பார்த்துவிட்டுக் குடை எடுத்தார்கள். மூன்றாம் மாடியில் தன் குளியலறைச் சுவரில் ஒரு கொக்கு நிற்கிறதென்று சௌம்யா குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுத்தாள். பிறகு, கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகப் பழகிக்கொண்டாள். ஷெட்டில் புகை நின்றது. சரசா இருமலை மறந்து, மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேச ஆரம்பித்தாள்.

எண்ணெய் மை டிரம்களைச் சம்பந்தம் வண்டியேற்றி அனுப்பிய அன்று, கை தட்டித் தூசி உதறிக்கொண்டு நின்றவரிடம் மஹ்ஜபீன் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அண்ணே, அடுத்த மைக்குக் கடல் தண்ணி ஊத்திப் பாப்போமா?"