மாங்குளத்துக்கு ஒரு ஃபோர்க்

சுதாகரன் மோதியது ஒரு எருமையில். மல்லாவி வீதியில், விடிந்தும் விடியாத நேரம், அது நடுவீதியில் தன் சொந்தக் காணி போலப் படுத்துக் கிடந்தது. மோதிய பிறகு எழும்பி, விழுந்து கிடந்தவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் காட்டுக்குள் போய்விட்டது. அதற்கு ஒரு கீறலும் இல்லை. சைக்கிளின் முன் ஃபோர்க்தான் போனது. முன்சில்லைக் கவ்விப் பிடிக்கிற அந்த இரண்டு காலும் பின்னுக்கு மடங்கி, சில்லு பிரேமில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

அது சந்தைக்குப் போய்வருகிற சைக்கிள் அல்ல. கண்ணிவெடி அகற்ற வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர் நாடு திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன ரேசிங் சைக்கிள். கொடுக்கும்போதே அது பழசு. இரும்புப் பிரேம், ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்த கான்டில். ஐம்பதைத் தாண்டிய மனிதன் கட்டைக் காற்சட்டை போட்டு, முதுகை வளைத்து, காலையில் பறப்பதைப் பார்த்துச் சந்திக் கடைக்காரர்கள், "எங்க தம்பி, பொம்பிளை பார்க்கவோ?" என்று கேட்பார்கள். சுதாகரனும் சிரித்துவிட்டுப் போவான். பொம்பிளை பார்க்க வேண்டிய வயது முழுவதும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போய்விட்டது. அதைக் கடைவாசலில் நின்று விளக்கவா முடியும்?

அவனுக்கு ரயில் கடவையில் வேலை. ரயில் வருகிறது என்றால் கேட்டைப் போடவேண்டும், போனபின் திறக்கவேண்டும். அதற்கு நடுவில் ஒரு தகரக் கொட்டில், ஒரு கதிரை, ஒரு மேசை, ஒரு தண்ணீர்ப் போத்தல். ஆயிரம் பேர் கடந்து போவார்கள், ஒருவரும் நிற்க விரும்பமாட்டார்கள். நிற்கவேண்டி வந்தால் அவனைத்தான் முறைப்பார்கள். தாய் போன ஆண்டு கண்ணை மூடினா. தங்கை கமலாட்சி விசுவமடுவில் கலியாணம் கட்டி, பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறாள். ஒரு நாளில் அவன் வாயைத் திறந்து பேசுகிற சொற்களைத் தேநீர்க் கடையிலேயே பேசி முடித்துவிடலாம். காலையில் அந்தச் சைக்கிளில் ஓடும்போது மட்டும்தான் தனிமை பின்னால் நின்றுவிடுகிற மாதிரி இருக்கும். இப்போது அதுவும் இல்லை.

மாங்குளத்துச் சைக்கிள் கடைக்காரன் பிரேமின் கழுத்தைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். "இப்ப வாற ஃபோர்க் ஒண்டும் இதுக்குள்ள போகாது. நெளுக்குளத்தில சைக்கிள் சாமான் கடை வைச்சிருக்கிற ஒரு முஸ்லிம் நானா இருக்கிறார். அவருக்குப் போன் அடிச்சுப் பாருங்கோ" என்று ஒரு நம்பரைக் கொடுத்தான்.

அப்படித்தான் அப்துல் மஜீத் நானாவின் குரல் வந்து சேர்ந்தது. கனத்த, கொஞ்சம் இருமல் கலந்த குரல். "கடையில ஆக்கள் நிக்கினம் தம்பி, மஃரிப் தொழுதிட்டு எடுக்கிறன்" என்றார். யார் அப்படிச் சொல்லிவிட்டுத் திருப்பி எடுத்திருக்கிறார்கள்? பொழுதுபட்டுத் தொழுகை முடிந்த கையோடு அவர் எடுத்தார்.

முதல் ஃபோர்க்கை பஸ்ஸில் போட்டுவிட்டார். இந்தப் பக்கத்தில் தபாலை யார் நம்புவது? கண்டக்டரிடம் பார்சலைக் கொடுத்து, பஸ் நம்பரைப் போனில் சொன்னால் முடிந்தது. வாங்குகிறவர் சந்தியில் கையைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும். சுதாகரன் நின்று வாங்கினான். ஃபோர்க்கின் தண்டு பிரேமின் கழுத்துக்குள் நுழையவே மறுத்தது. இந்தக் காலத்து ஃபோர்க்குகளுக்குத் தண்டு தடிப்பு, அந்தக் காலத்துப் பிரேமுக்குக் கழுத்து மெலிசு.

"அப்ப பழசை அனுப்புங்கோ, சாம்பிள் பார்த்து எடுப்பம்" என்றார் நானா. எந்தச் சாமான் உடைந்தாலும் பழசைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவதுதானே எங்கள் வழக்கம். மடங்கிய ஃபோர்க்கை உரப்பையில் சுற்றி பஸ்ஸில் ஏற்றினான். அவர் தண்டைச் சரியாக அளந்தார். கால்களையும் அளந்தார், மடங்கிக் கிடந்தபடியே. அந்த அளவுக்கு வந்த இரண்டாவது ஃபோர்க் தண்டால் பொருந்தி, காலால் கட்டையாகிவிட்டது. சில்லு மேலே முட்டி உருளவே இல்லை.

"நானா, எருமை அடிச்ச அளவுக்கெல்லோ எடுத்து அனுப்பியிருக்கிறியள்!"

அந்தப் பக்கத்தில் நானா சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, இருமி, திரும்பவும் சிரித்தார். சுதாகரனுக்கும் அடக்கமுடியவில்லை. வயிறு நோகச் சிரித்து எத்தனை காலம் என்று அவனுக்கே ஞாபகமில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் மஃரிப் முடியப் போன் வந்தது. "கொழும்பில ஒருத்தனிட்டச் சொல்லியிருக்கிறன்" என்று தொடங்கும் கதை, "இண்டைக்கு என்ன கறி?" என்பதில் போய் நிற்கும். நானாவும் தனியாகத்தான் சமைத்தார். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது முல்லைத்தீவில் இருந்து புத்தளம் போன குடும்பம். பிள்ளைகள் அங்கேயே வேரூன்றிவிட்டார்கள். மனைவி றாபியா பேரப்பிள்ளைகளை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டா. அவர் மட்டும் வன்னிக்குத் திரும்பி, நெளுக்குளத்தில் கடையைப் போட்டு, பின்னறையில் படுத்து எழும்புகிறார். "பருப்புக்கு எப்ப உப்புப் போடுறனீங்கள்?" என்று இரண்டு ஆம்பிளைகளும் அதையே அரை மணித்தியாலம் கதைப்பார்கள். சாயங்காலம் ஆனாலே சுதாகரன் போனைச் சேர்ட் பையில் இருந்து எடுத்து மேசையில் வைத்துவிடுவான்.

மூன்றாவது ஃபோர்க் வந்தது. புதிசு, கறுப்பு, கையில் எடுத்தால் பாரமே இல்லை. பழைய மெல்லிய கழுத்துப் பிரேமுக்கென்றே இப்போது செய்கிறார்களாம். கிறீஸ் பூசி ஏற்றினான், வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. சில்லைப் பூட்டி, விடியற்காலையில் பனிக்கன்குளம் வரை ஓடினான். எத்தனை கிழமைக்குப் பிறகு! காற்று முகத்தில் அடிக்க, வாயில் ஏதோ பாட்டும் வந்தது. திரும்பி வரும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இன்று மாலை போன் வரும். 'பொருந்திவிட்டது' என்று ஒரு சொல் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு நானா எதற்கு எடுப்பார்?

மாலை போன் வந்தபோது நாக்குக் கூசாமல் சொன்னான்: "இல்லை நானா, சரிவரேல்லை. கொஞ்சம் இறுக்கம்."

கழற்றித் துடைத்து, அடுத்த நாளே பஸ்ஸில் போட்டுவிட்டான்.

அன்று மாலை போன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மஃரிப் நேரம் தாண்டி, இருட்டுப்பட்டு, நுளம்பு கடித்தும் கொட்டிலுக்குள் போகாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானாவுக்குச் சுகமில்லையோ? பொறுக்கமுடியாமல் தானே எடுத்தான்.

"தம்பி" என்றார் நானா. குரலில் சிரிப்பு இல்லை. "இந்த ஃபோர்க் ஓடியிருக்கு. பிறேக் ஓட்டைக்குள்ள செம்புழுதி நிக்குது. கால்ல நட்டு இறுக்கின அடையாளம் கிடக்குது."

சுதாகரன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"நான் என்ரை கண்ணிலதான் பிழையாக்கும் எண்டு திரும்பத் திரும்ப அளந்தன். கொழும்புக்காரனோடையும் சண்டை பிடிச்சிட்டன். ஏன் தம்பி அப்பிடிச் சொன்னனீங்கள்?"

பொய்க்கு இன்னொரு பொய் தேடவில்லை. "பொருந்தீட்டுது எண்டு சொன்னா நீங்கள் பிறகு எடுக்கமாட்டியள் எண்டு நினைச்சனான் நானா" என்றான். சொன்னபின் முகம் சுட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட இப்படிச் சொல்லாது.

நானா, "நாளைக்குக் காலமை பஸ்ஸில போட்டுவிடுறன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஃபோர்க் வந்தது. உரப்பையை அவிழ்த்து, பூட்டி, சைக்கிளைக் கொட்டில் சுவரில் சாத்திவைத்தான். ஓடிப்பார்க்க மனம் வரவில்லை. மாலையில் போனை மேசையில் வைக்காமல் பைக்குள்ளேயே விட்டான். வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இனி என்ன இருக்கிறது?

மஃரிப் முடியப் போன் அடித்தது.

"வந்து சேர்ந்துதோ?"

"ஓம் நானா."

"பூட்டினீங்களோ?"

"ஓம். பொருந்துது."

"நல்லது."

அதோடு கதை தீர்ந்துவிட்டது. தேடுவதற்கு ஃபோர்க் இல்லை, அளப்பதற்கு அளவில்லை. நானா இருமினார். இவன் தொண்டையைச் செருமினான். இந்த நேரம் பார்த்துச் சமிக்ஞை மணி அடித்தது.

"நானா, ரயில் வருது. கேட்டைப் போடவேணும்." வழக்கமாக இந்த இடத்தில் 'வைக்கிறன்' என்பான். "வையாதேங்கோ நானா. போட்டிட்டு வாறன்" என்றான்.

பதிலுக்கு நிற்காமல் போனை மேசையில் வைத்துவிட்டு ஓடினான். கேட்டைப் போட்டான். வழமைபோல இரண்டு மோட்டார் சைக்கிள்காரர்கள் முறைத்தார்கள். ரயில் வெளிச்சம் நிறைந்த பெட்டிகளோடு மெதுவாகத்தான் போனது. பாழாய்ப்போன ரயில், இன்றைக்குத்தானா இவ்வளவு பெட்டி! கடைசிப் பெட்டி கடந்ததும் கேட்டைத் திறந்துவிட்டு வந்து போனை எடுத்தான். உடனே பேசப் பயமாக இருந்தது. காதில் வைத்துக் கேட்டான். அந்தப் பக்கத்தில் கடைக்கதவு இழுபடுகிற சத்தம், ஒரு பாத்திரத்தை அடுப்பில் வைக்கிற சத்தம், பிறகு அதே இருமல்.

"நானா, வந்திட்டன்."

"ம். ரயில் போயிட்டுதோ?"

"போயிட்டுது."

"சரி, சொல்லுங்கோ."

சொல்வதற்கு அவனிடம் ஒன்றுமே இல்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்துகொண்டான்.