முதலில் சிரித்தவருக்குப் பச்சை மிட்டாய்

...அந்த அன்னாசிப்பழம் எதற்குச் சிரிக்கிறது என்று முதல் வரியிலேயே கேட்டுவிடலாமா, இல்லை, வழக்கம்போல 'மதிப்பிற்குரிய மிட்டாய் கம்பெனியாருக்கு' என்று குனிந்து தொடங்கி மூன்றாவது வரியில் காலை வாரிவிடலாமா, அக்கா இரண்டாவதைத்தான் சொல்லியிருப்பாள், கும்பிட்டுக்கிட்டே கிள்ளணும்டா மக்கு என்பாள்... அவன் பேனாவை மூடினான், திறந்தான். மிட்டாய் உறையில் கறுப்புக் கண்ணாடி போட்ட அன்னாசி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. வாயின் இரண்டு ஓரமும் ஒரே அளவுக்கு மேலே ஏறியிருந்தன, அது அவ்வளவு லேசான காரியமில்லை என்று இப்போதுதானே தெரிகிறது. ஜன்னலோரக் கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்து அக்காவை உட்கார வைத்திருந்தான். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்ட நாளிலிருந்து அவளுடைய வலப்பக்கம் செத்துக் கிடந்தது, பேச்சும் போயிற்று. பேச்சு மட்டும்தான் போயிற்றா, பேசிக்கொண்டிருந்தவளும் கூடவே போய்விட்டாளா?

அதைத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் அம்மாவும் கேட்டார், இன்னும் நயமாக. போன தடவை அட்டைகளைக் காட்டி, தண்ணி எதும்மா, நாற்காலி எதும்மா என்று அலுக்காமல் கேட்டுப் பார்த்தார், அக்கா அட்டைகளைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர், "ஏதாவது ஒரு அடையாளம் வேணும் தம்பி, புரியுதுன்னு. சின்னதா இருந்தாலும் போதும். இல்லேன்னா ஆஸ்பத்திரியில இந்தப் பயிற்சி இடத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்துடுவாங்க, நான் சொல்லி நிக்காது" என்றார். கையை இறுக்கமாகப் பிடிக்கிறாளே என்று அவன் சொன்னதற்கு, "உள்ளங்கையில எதை வச்சாலும் மூடிக்கும்பா, பிறந்த குழந்தைக்கு மாதிரி. அதைக் கணக்குல எடுத்துக்க முடியாது" என்றார். இன்று மதியம் மறுபடி வருவார், இதுதான் கடைசி. அட்டைக்குச் சிரிக்காதவள் கடிதத்துக்குச் சிரிப்பாள் என்று காலையில் பல் துலக்கும்போது தோன்றியது, அப்போது அது பெரிய யோசனையாகத்தான் இருந்தது.

முதல் கடிதம் அக்காவுடையது. பல் டாக்டரிடம் உதவியாளாக இருந்தாள், நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் குனிந்திருந்துவிட்டு வருவாள். ஒரு நாள் புளிப்பு உருண்டை ஒன்றைக் கடித்துவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே எழுதினாள்: 'ஐயா, தங்கள் உருண்டைகளின் புண்ணியத்தால் எங்கள் டாக்டர் புதுக் கார் வாங்கிவிட்டார். பின்சக்கரங்கள் இரண்டும் முழுக்க முழுக்கத் தங்கள் உபயம். தொழிலில் இப்படி ஒரு ஒத்துழைப்பை நாங்கள் கண்டதில்லை.' கம்பெனி ஒரு டப்பா மிட்டாயும், தங்கள் மேலான கருத்துக்கு நன்றி என்று அச்சடித்த அட்டையும் அனுப்பியது. அதிலிருந்து இருவருக்கும் கடிதப் பித்துப் பிடித்துவிட்டது. அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன், இரண்டு மாடிக்கு நடுவே தொங்கிக்கொண்டு யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. ஆரஞ்சு மிட்டாயில் ஆரஞ்சைத் தேடப் போன என் மைத்துனர் இன்னும் வீடு திரும்பவில்லை என்று எழுதினான், இல்லாத மைத்துனர். அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால்தானே, அந்த வரியை வாசித்தபோது ஒரு கணம் தயங்கினான், அவள்தான், "படிடா, ஆளு திரும்பலேன்னா நிம்மதிதான்" என்றாள். முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை.

ஆட்டத்தின் விதியே அதுதான். ஒருவர் எழுதியதை வாசிக்க வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும், யார் முதலில் சிரிக்கிறாரோ அவர் டப்பாவிலிருந்து பச்சை மிட்டாயைத் தின்ன வேண்டும், தரை துடைக்கிற திரவத்தில் சர்க்கரை போட்ட மாதிரி இருக்கும். தின்றுவிட்டு உறையை ஜெயித்தவர் கையில் கொடுக்க வேண்டும், அது கப்பம். எல்லாப் பச்சையையும் தின்றவன் அவன்தான். அக்கா சிரித்ததே இல்லை. வலது மூக்கு மட்டும் லேசாகத் துடிக்கும், அதை வைத்துத்தான் அவள் விளிம்பில் நிற்கிறாள் என்று கண்டுபிடிப்பான், அதற்குள் அவனே வெடித்துவிடுவான்... அந்த மூக்கும் இப்போது செத்த பக்கத்தில் இருக்கிறது. ஒரு முகத்தில் எத்தனையோ இடம் இருக்க, அங்கேயா துடிக்க வேண்டும்?

தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான். 'மதிப்பிற்குரிய மிட்டாய் கம்பெனியாருக்கு, தங்கள் அன்னாசியார் எங்கள் வீட்டுக்கு வந்த நாள் முதல் சிரித்துக்கொண்டே இருக்கிறார். வீட்டு நிலவரத்தை விளக்கிச் சொல்லியும் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கவும் மறுக்கிறார். இப்படிப்பட்டவரைத் துக்க வீடுகளுக்கு அனுப்பும் முன்...' துக்க வீடு என்று ஏன் எழுதினோம், அவள் உயிரோடு உட்கார்ந்திருக்க? அந்த இடத்தில் குரல் தடுக்கியது, அவன் நிமிர்ந்து பார்த்தான், அவள் முகம் கல்லாக இருந்தது. அன்றைக்கெல்லாம் இருந்த அதே கல். அதே கல்தானா? எந்த மடையன் இப்படி ஒரு சோதனை வைப்பான், ஊரிலேயே சிரிக்காதவளுக்கு, சிரித்தால் தோற்றுப்போவாள் என்று தெரிந்தவளுக்கு? உள்ளே இருந்தால் சிரிக்க மாட்டாள், இல்லாவிட்டாலும் சிரிக்க மாட்டாள். அந்த அம்மாவிடம் என்ன சொல்வது, எங்கக்கா சிரிக்கலைங்க, அதனால புரியுதுன்னு எழுதிக்கோங்க என்றா? அதை நினைத்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அசிங்கமான, மூச்சு முட்டுகிற சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை.

தோற்றாகிவிட்டது. டப்பாவைத் துழாவிப் பச்சையை எடுத்து வாயில் போட்டான், நாக்கு சுருண்டது, பழக்கதோஷத்தில் உறையை நீட்டிக்கொண்டு கட்டிலருகே போனவன் அங்கேயே நின்றுவிட்டான். போர்வையின் மேல் அவளுடைய இடது கை மல்லாந்து கிடந்தது, விரல்கள் கொஞ்சம் விரிந்து. கப்பம் கேட்கிற மாதிரி. வாசல் மணி அடித்தது. உறையை வைத்தால் விரல்கள் மூடிக்கொள்ளும், எதை வைத்தாலும் மூடிக்கொள்ளும், வைத்துவிட்டால் பிறகு ஒன்றும் தெரியாது, வைக்காதவரைதான்... மணி மறுபடி அடித்தது. காலையில் போர்வையைச் சரிசெய்தபோது இந்தக் கையை எடுத்து மேலே வைத்தது நினைவிருந்தது, கவிழ்த்து வைத்தோமா, மல்லாத்தி வைத்தோமா என்று எவ்வளவு யோசித்தும் அவனுக்கு நினைவு வரவில்லை.