குழலில் தங்கிய குண்டு

1.

இந்தக் கதை மொன்டானாவில், பக்கத்து வீட்டு லோர்னா ஹாகனின் கார் கொட்டகையில் கிடைத்தது. அவள் தோட்டா தயாரித்துக்கொண்டே சொன்னாள். நான் காபியை ஆறவிட்டுக் கேட்டேன்.

முதலில் "மலைகளின் மேல் பனி இன்னும்" என்று தொடங்கினேன். வேண்டாம். லோர்னா மலையை ஏறிட்டும் பார்க்காதவள்.

2. (மறுபடியும்)

லோர்னா தபால் வண்டி ஓட்டுகிறவள். கணவன் ராய்ஸ் குதிரைகளுக்கு லாடம் அடிக்கிறவன். பித்தளைக் கூட்டில் வெடிமருந்தைக் கொட்டி, அதன் வாயில் குண்டை எவ்வளவு ஆழம் அழுத்துவது என்பதில் இருவருக்கும் முப்பது வருடச் சண்டை. ராய்ஸ் புத்தகத்தில் போட்ட அளவுக்கு உள்ளே தள்ளுவான். லோர்னா குறி பிசகக்கூடாதென்று குண்டை வெளியே நீட்டிவைப்பாள். துப்பாக்கிக் குழலின் உள்ளே வெட்டிய வரிப்பள்ளத்துக்கும் அதற்கும் மயிரிழைதான் இடைவெளி.

[மயிரிழை மிகையல்ல. அளந்தே காட்டினாள். என் தலைமுடி அதைவிடத் தடிமன்.]

"புத்தகம் எழுதினவன் என் துப்பாக்கிய பாத்தானா?"

"பாத்திருந்தா எழுதுறதையே விட்டிருப்பான்."

3.

துப்பாக்கி கிளப் போட்டிக்கு முந்தின வாரம் ராய்ஸ் யாருக்கும் தெரியாமல் குண்டு அழுத்தும் கருவியின் திருகாணியை

(இந்த வாக்கியத்தை லோர்னாவே நிறுத்தினாள். "அவன் மேல பழி போடாத. புதுப் பெட்டிக் குண்டு, தோள்பக்கம் கொஞ்சம் பருமன். அளக்காம அழுத்தினது நான்.")

ஆளுக்குப் பத்து முறை சுடவேண்டும்; நடுவில் விழுந்தால் பத்துப் புள்ளி. ராய்ஸ் 97 எடுத்து முடித்துவிட்டான். லோர்னா ஏழு முறை சுட்டு 68. மிச்சம் மூன்றும் நடுவில் விழுந்தால் அவளுக்கு வெற்றி. எட்டாவது தோட்டாவைப் போட்டு மூடியபோது ஒரு மான் இலக்குகளின் முன்னால் வந்து நின்று மேய ஆரம்பித்தது. "சுடாதீங்க! தோட்டாவ வெளிய எடுங்க!" என்று நடுவர் கத்தினார்.

லோர்னா துப்பாக்கியின் பின்பூட்டான போல்டை இழுத்தாள். வெறும் கூடுதான் வந்தது. குண்டு வரிப்பள்ளத்தில் சிக்கிக்கொண்டது. மருந்து மிளகுத்தூள்போலத் துப்பாக்கிக்குள் கொட்டியது. மிச்சத் தோட்டாக்களும் அதே நீளம்தான். ராய்ஸ் வந்து குனிந்து பார்த்தான்.

"சிரிக்கணும்னா சிரிச்சுத் தொலை."

"மொதல்ல அந்த மான் சிரிச்சு முடிக்கட்டும்."

பிறகு தன் துப்பாக்கியையும் மூன்று தோட்டாக்களையும் அவள் படுத்துச் சுடும் பாயில் வைத்தான். நடுவர் சரியென்று தலையாட்டினார்.

"புத்தக அளவு. கொஞ்சம் பொறுத்துக்க."

"இதால சுட்டு நான் ஜெயிச்சுட்டா?"

"சுடு மொதல்ல. பேச்சு வீட்டுல."

மான் போயிற்று. முதல் குண்டு நடுவில். இரண்டாவதும் நடுவில். மூன்றாவது

4.

இங்கே இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நடுப்புள்ளி, கைதட்டல் அதிகமாகிவிட்டது. இன்னொன்றில் ஒரு புள்ளி தவறிச் சமநிலை. எனக்கே நம்பிக்கை வரவில்லை. சரி, கேட்டுவிடுவோம் என்று தனித்தனியாகக் கேட்டேன்.

"அவதான் ஜெயிச்சா," என்றான் ராய்ஸ்.

"அவன்தான் ஜெயிச்சான்," என்றாள் லோர்னா.

இலக்குத்தாள் எங்கே என்றேன். அதை வைத்து அடுப்புப் பற்றவைத்தாகிவிட்டதாம். இதில் மட்டும் இருவருக்கும் ஒரே பதில், ஒரே சிரிப்பு.

நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தினமும் அவர்கள் முகத்தில் விழிக்கிறவன். நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள். அந்த மூன்றாவது குண்டை நீங்களே எங்காவது இறக்கிவையுங்கள்.