கோபத்தில் நகராத வண்டி

எங்கள் அலுவலகத்தில் கோபத்துக்கென்று ஒரு வாக்கியம் இருந்தது. "சுவாரஸ்யமான கருத்து, பிறகு பேசலாம்." இதைச் சொன்னவர் மனதுக்குள் எதிரில் இருப்பவர் மீது நாற்காலியைத் தூக்கி எறிந்துவிட்டார் என்று அர்த்தம். வெளியே எதுவும் கேட்காது. தரையில் தடித்த கம்பளம், சுவரில் ஓசையை விழுங்கும் பலகைகள். தும்மல் வந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தும்முகிற இடம். எங்கள் குழுத் தலைவிக்கு நாங்கள் வைத்த பெயர் பஞ்சு. அவர் நடப்பதும் பேசுவதும் அப்படி.

பஞ்சுவின் கீழ் நாங்கள் ஆறு பேர், ஒரு மின்சாரக் காருக்கு மூளை செய்துகொண்டிருந்தோம். உடம்பைச் செய்தது ஊருக்கு வெளியே இருந்த கார் தொழிற்சாலை. எங்கள் மூளைக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. கிளம்பும் முன் அது ஓட்டுநரைப் பார்த்து, "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்கும். பதில் சொல்லும் குரலில் கோபம் தெரிந்தால் நகராது. வழியில் உள்ளே யார் கோபப்பட்டாலும் ஓரமாகப் போய் நின்றுவிடும். கோபத்தோடு ஓட்டுகிறவன் சுவரைத் தேடித்தான் போவான் என்பது பஞ்சுவின் கட்சி.

மனிதக் குரலைக் காருக்குக் கற்றுக்கொடுக்க எங்கள் பேச்சையே மாதக்கணக்கில் ஊட்டினோம். கோபத்துக்கு மட்டும் எங்களிடம் சரக்கு இல்லை. ஆளுக்கு ஒரு நாள் கண்ணாடி அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, வெட்கத்தோடு கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டு வந்தோம். அதுதான் கோபம் என்று கார் எழுதி வைத்துக்கொண்டது.

ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாள் வந்தது. கையெழுத்தானால் எங்கள் அறை பிழைக்கும். இல்லாவிட்டால் அறையை மூடிவிட்டு ஆறு பேரையும் ஆளுக்கொரு மூலைக்கு அனுப்பிவிடுவார்கள். தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் புது வண்டியானாலும் தலைமைச் சோதனை ஓட்டுநர் முதல் சுற்று ஓட்ட, முதலாளியம்மா பின்னால் உட்கார்ந்து வருவார். இறங்கிய பிறகுதான் பேனாவைத் திறப்பார்.

அந்தத் தலைமைச் சோதனை ஓட்டுநர் என் அக்காவின் கணவர். மாமா இளமையில் தகடு அழுத்தும் கூடத்தில் வேலை பார்த்தவர். இடி இடிக்கிற மாதிரி இயந்திரங்கள் ஓடும் அந்தக் கூடத்தில் காதலைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். பிறகு வெளியே வந்து ஓட்டுநர் ஆனார், குரல் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. எங்கள் வீட்டு வாசலில் நின்று அவர் "சௌக்கியமா?" என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பதில் சொல்வார்கள்.

இந்தக் குரலையும் எங்கள் காரின் காதையும் சேர்த்துப் பார்க்க எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சோதனைத் தடத்தில் வெள்ளைக் கார் பளபளத்துக்கொண்டு நின்றது. பின்னால் முதலாளியம்மாவும் பஞ்சுவும் ஏறினார்கள். முதலாளியம்மா கையில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய ஒரு டம்ளர். சிந்துகிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய அளவுகோல் என்று மாமா முன்பே சொல்லியிருந்தார். நான் முன்னிருக்கையில் இருந்தேன். மாமா ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார்.

"இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்றது கார்.

"ஜோரா இருக்கேன்டா கண்ணு! நீ எப்படி இருக்க?" என்றார் மாமா.

கார் யோசித்தது. "தாங்கள் கடுங்கோபத்தில் இருக்கிறீர்கள். மூச்சை உள்ளே இழுத்து, மெதுவாக வெளியே விடவும்."

"நானா? எனக்கு எதுக்குக் கோவம்?"

"கோபம் அதிகரித்துள்ளது."

"மாப்ள, என்னடா சொல்லுது இது?"

"மாமா, கொஞ்சம் மெதுவா பேசுங்க."

"மெதுவாத்தானே பேசுறேன்!"

"கோபம் மேலும் அதிகரித்துள்ளது," என்ற கார், மனதை ஆற்றும் புல்லாங்குழல் இசையை ஒலிக்கவிட்டது. அந்த இசைதான் மாமாவுக்கு நிஜமாகவே கோபத்தைக் கிளப்பியது. தடத்தின் ஓரத்தில் நின்ற தொழிற்சாலை ஆட்கள் விஷயம் புரிந்து உதவிக்கு வந்தார்கள். "அண்ணே, கோவப்படாதீங்கண்ணே!" என்று பத்துத் தொண்டைகள் ஜன்னல் வழியாகக் கத்தின. கார் நான்கு கதவுகளையும் பூட்டிக்கொண்டது.

நான் பின்னால் திரும்பினேன். "இந்த அம்சத்தை மட்டும் அணைச்சிடட்டுமா?"

"அதை அணைச்சிட்டா நாம விக்க வந்தது என்ன?" என்றார் பஞ்சு, பூ விழுகிற குரலில். பிறகு சேர்த்துக்கொண்டார்: "ஆனாலும், சுவாரஸ்யமான கருத்து."

மனதுக்குள் அவர் எறிந்த நாற்காலி எனக்குத்தான். அந்தக் கணத்தில்தான் வழியும் தெரிந்தது. எங்கள் அலுவலகத்தில் கோபம் எந்தக் குரலில் வருமோ அந்தக் குரலைத்தானே இந்தக் கார் அமைதி என்று நம்பிக்கொண்டிருக்கிறது! மாமாவின் காதருகே குனிந்தேன். "மாமா, திட்டணும்னா திட்டுங்க. ஆனா பாங்க்ல லோன் கேக்கப் போன மாதிரி திட்டுங்க."

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று கழுத்து நரம்பில் தெரிந்தது.

"ஐயா, தகர டப்பா அவர்களே," என்றார் மெல்ல. "நான் மிகவும் நலம். உங்களைச் செஞ்சவன் என் மச்சினன். அவனை வீட்டுக்குப் போனதும் தோலை உரிக்கலாம்னு இருக்கேன். தயவுசெய்து நகர்றீங்களா?"

"மிக்க மகிழ்ச்சி. பயணம் இனிதாகட்டும்," என்றது கார், ஓசையில்லாமல் கிளம்பியது.

முதல் வளைவு நன்றாகப் போனது. கார் வழுக்கிக்கொண்டு திரும்பியது. கண்ணாடியில் முதலாளியம்மாவின் முகம் மலர்வதைப் பார்த்து நான் மூச்சுவிட்டேன். அவரும் தகடு அழுத்தும் கூடத்தின் மேல்மாடி அலுவலகத்தில் வளர்ந்தவர் என்பதை மறந்துவிட்டேன்.

"அடி சக்கை! என்னமா திரும்புது!" என்று அவர் கூவினார்.

இடப்பக்க விளக்கு மினுக்கியது. கார் வேகம் குறைந்து, தடத்தின் ஓரத்துக்குப் போய், குழந்தையைத் தொட்டிலில் இறக்குவதைப் போல நின்றது. "பின்னிருக்கைப் பயணி ஆபத்தான கோபத்தில் இருக்கிறார். உதவிக்கு யாரையாவது அழைக்கவா?"

 புல்லாங்குழல் மறுபடி ஒலிக்கத் தொடங்கியது.

முதலாளியம்மா பஞ்சுவின் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார். "உங்க குரல் ஏறவே இல்லையே. உண்மையைச் சொல்லுங்க, உங்களுக்கு இப்ப கோவம் இருக்கா, இல்லையா?"

பஞ்சு கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "ரொம்ப," என்றார். "கண்ணாடியைக் குத்தி உடைக்கணும் போல இருக்கு."

"மற்றொரு பயணி ஆழ்ந்த அமைதியில் இருக்கிறார்," என்றது கார். "அனைவரும் அவரைப் பின்பற்றலாம்."

முதலில் மாமாவிடமிருந்து ஒரு குக்கர் விசில் வந்தது. சிரிப்பை அடக்கப் பார்த்திருக்கிறார். பிறகு முதலாளியம்மா வெடித்தார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கண்ணாடிகள் அதிர்ந்தன. கார் எல்லா விளக்குகளையும் போட்டு, அபாய ஒலி எழுப்பி, இருக்கைகளின் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நான் எங்கள் அறையின் கம்பளத்தை நினைத்துக்கொண்டேன். அதை யார் சுருட்டுவார்கள், எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

சிரித்து முடித்த முதலாளியம்மா, இருக்கைக் குழியில் வைத்திருந்த டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் விளிம்பு வரை அப்படியே இருந்தது.

"பாத்தீங்களா?" அவர் மாமாவிடம் மெதுவாகக் கேட்டார். "அவ்வளவு வேகத்துல வந்து நின்னுச்சு. ஒரு சொட்டு சிந்தல."

"ஆமாம்மா," என்று மாமாவும் கிசுகிசுத்தார். "நானே இப்படி நிறுத்த மாட்டேன்."

"காது சுத்தமா சரியில்ல. ஆனா காலு தங்கம். காலுக்காகக் கையெழுத்துப் போடுறேன்." என் பக்கம் திரும்பினார். "ஒரு நிபந்தனை. இதுக்குச் சிரிப்பு எது கோவம் எதுன்னு தெரியற வரைக்கும் நீங்க எல்லாரும் எங்க தகடு அழுத்தற கூடத்துலதான் உக்காந்து வேலை பாக்கணும்."

"மிகவும் சுவாரஸ்யமான யோசனை," என்றார் பஞ்சு.

மாமா என் தொடையில் கிள்ளினார். அவருக்கும் இப்போது எங்கள் மொழி புரிந்துவிட்டது.

எங்கள் அறை பிழைத்தது. மேசைகளோடும் கம்பளத்தோடும் கூடத்துக்குக் குடிபோனோம். ஒவ்வொரு தகடு இறங்கும்போதும் கணினி துள்ளும். முதல் வாரம் நாங்கள் ஒருவருக்கொருவர் சீட்டு எழுதிக் காட்டிக்கொண்டோம். பிறகு சைகை. பிறகு தொண்டை தானாகத் திறந்துகொண்டது. மாமா சாப்பாட்டு இடைவேளையில் வந்து காரில் உட்கார்ந்து, உலகத்தில் உள்ள எல்லா நல்ல சேதிகளையும் அதனிடம் கத்திவிட்டுப் போவார். வீட்டில் உப்புக் கேட்டதற்கு, ஏன் கத்துகிறாய் என்று அக்கா என்னைக் கோபித்துக்கொண்டாள். நான் மெதுவாகத்தான் கேட்டிருந்தேன்.

ஒரு நாள் பஞ்சு சாப்பிட்டுத் திரும்பினார். அவர் நாற்காலியைக் காணோம். யாரோ அதன் மேல் ஏறி மின்விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யோவ்!" இயந்திரங்களுக்கு மேலே ஒரு குரல் எழும்பியது. "யாருய்யா என் நாற்காலியைத் தூக்கிட்டுப் போனது? அறிவில்ல?"

கூடமே திரும்பிப் பார்த்தது. கதவு திறந்து நின்ற வெள்ளைக் கார் சொன்னது: "தாங்கள் கோபமாக இருக்கிறீர்கள்."

அன்றுதான் முதல் தடவையாக அது சரியாகச் சொன்னது. நாங்கள் ஆறு பேரும் கைதட்டினோம். பஞ்சு எங்களைப் பார்த்தார், காரைப் பார்த்தார், தன் வாயைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, கூரைத் தகடு அதிரச் சிரித்தார்.

கைதட்டலை நிறுத்திவிட்டு எல்லோரும் காரின் பக்கம் திரும்பினோம். அது நீண்ட நேரம் யோசித்தது. இடைவேளைக்கு வந்திருந்த மாமா அதன் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"எங்கே போகலாம்?" என்றது கார்.