நிருப வாசிப்பில் எழுந்து நின்றவள்

1

இந்தக் கதை ஒரு பெண்ணின் முதுகிலிருந்து தொடங்கியது. முகத்தை நான் பார்க்கவே இல்லை.

அடுகோடியில் தனியாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு பேச ஆள் கிடையாது. அதனால் தமிழ் ஆராதனைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். பக்தியா என்று கேட்காதீர்கள். யாராவது ‘நல்லாருக்கீங்களா’ என்று கேட்டுவிட மாட்டார்களா என்ற நப்பாசைதான். இதுவரை யாரும் கேட்கவில்லை.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். இயேசுவுக்குப் பின் பவுல் முதலானவர்கள் சபைகளுக்கு எழுதிய கடிதங்களான நிருபங்களை வாசிக்கும்போது எல்லோரும் உட்கார்ந்து கேட்பார்கள். சுவிசேஷம் என்றால் எழுந்து நிற்பார்கள். அதில் இயேசு பேசுகிறார் அல்லவா. போன வாரம் நிருப வாசிப்பின் நடுவில் ஒரு பெண் மட்டும் எழுந்தாள். நான் கண்டது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: ‘குளோரியாவின் விழிகளில் ஆயிரம் கேள்விகள்…’ சே. அடித்துவிட்டேன். முகத்தையே பார்க்காதவன் விழிக்கு எங்கே போவது?

இரண்டாவது: ‘குளோரியாவுக்குப் பவுலைப் பிடிக்காது.’ இது பரவாயில்லை, இதிலேயே போகலாம்.

சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். முன்பு ஒரு சபைக் கூட்டத்தில் அவள் ஏதோ சொல்ல எழுந்தபோது, பெண்கள் சபையில் பேசக்கூடாது என்று பவுலே சொல்லியிருக்கிறார் என ஒரு மூப்பர் அவளை உட்காரவைத்துவிட்டார். அன்றிலிருந்து அவளுக்கு வேதம் என்றால் சிவப்பெழுத்து மட்டும்தான்.*

“இயேசப்பா சொன்னதுக்கு மேல இன்னொருத்தர் சொல்றதுக்கு இன்னா இருக்குது?” என்பாள்.

(* இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பில் அச்சிட்ட வேதாகமங்கள் உண்டு. மற்றவை கறுப்பு.)

3

அவள் கணவன் உமேஷ், வேறு மதம், பதிவுத் திருமணம். ஒருநாள் விட்டுவிட்டுப் போய்விட்டான். கோர்ட்டில் விவாகரத்தும் ஆகிவிட்டது. (அவனைக் கெட்டவனாக்க இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். காலி வீட்டின் பூட்டில் சாவியைத் திருப்பும் சத்தம் எனக்குத் தெரியும். அதை மட்டும் குளோரியாவுக்குக் கொடுக்கிறேன்.)

சபையில் கீபோர்டு வாசிக்கும் சந்தானம் மனைவியை இழந்தவர். அவர்தான் கேட்டார்.

“எனக்கும் யாரும் இல்ல, உனக்கும் இல்ல. யோசிச்சு சொல்லும்மா.”

“ஞாயித்துக்கெழம சொல்றேங்க.”

அவளுக்குச் சம்மதம்தான். சந்தோஷமாக வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்தாள். விவாகரத்தானபின் இன்னொருவரை மணப்பது விபசாரம் என்று இயேசு சொல்லியிருந்தார். சிவப்பில் இருந்தது.

4

போதகரிடம் போனாள்.

“ஏம்மா கலங்குற? விசுவாசம் இல்லாத புருஷன் தானா பிரிஞ்சு போனா நீ கட்டுப்பட்டவ இல்லன்னு பவுல் எழுதியிருக்கார். இந்த ஞாயிறு அதத்தான் வாசிக்கச் சொல்லியிருக்கேன்.”

“சும்னே தேத்தாதீங்க ஐயா. இத்தன வருஷம் அவரு வேணாம்னு சொன்னேன். இப்ப எனக்குத் தோதா பேசறாருன்னு அவருகிட்டப் போயி நிக்கறதா?”

“பொண்டாட்டியத் தூக்கி எறியற ஆம்பளைங்களப் பாத்து இயேசு சொன்னதும்மா அது. உன்னைத்தான் எறிஞ்சிட்டாங்களே.”

“இருக்கலாம் ஐயா. எனக்கு வேணும்ங்கறதால அப்படித் தோணுதோன்னுதான் பயமா இருக்குது.”

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. ‘கட்டிக்கொண்டு போயேன் தாயே’ என்று ஓரத்தில் எழுதினேன். அப்புறம் புரிந்தது, அவள் தன் தனிமையைத்தான் சந்தேகப்படுகிறாள். தனியாக இருப்பவர்கள் எதையும் தமக்குச் சாதகமாக வாசித்துவிடுவார்கள். ஒரு முதுகைப் பார்த்து இத்தனையும் எழுதியவன் சொல்கிறேன்.

5

முடிவு ஒன்று: நிருபத்தில் அந்த வரி வருகிறது. சுவிசேஷத்துக்கு நிற்பதுபோல் குளோரியா பவுலுக்கும் எழுந்து நிற்கிறாள். கீபோர்டுக்குப் பின்னாலிருந்து சந்தானம் பார்க்கிறார், புரிந்துகொள்கிறார்.

முடிவு இரண்டு: அந்த வரி வருகிறது. கேட்க மனமில்லாமல் வெளியே போவதற்காக எழுந்திருக்கிறாள். சந்தானம் பார்க்கிறார், புரிந்துகொள்கிறார்.

பின்னாலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

‘நீதான் அங்கே இருந்தாயே, என்ன ஆயிற்று?’ என்பீர்கள். அவள் எழுந்ததும், எந்த வசனம் என்று பார்க்க நான் குனிந்து பக்கத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. நிமிர்வதற்குள் நிருபம் முடிந்து, சுவிசேஷத்துக்காகச் சபையே எழுந்துவிட்டது. எனக்கு முன்னால் முழுக்க முதுகுகள். அவற்றில் அவளுடையதும் இருந்ததா என்று தெரியவில்லை. யாரோ என்னைக் கடந்து வாசலுக்குப் போனதுபோலவும் இருந்தது, ஃபேன் காற்றாகவும் இருக்கலாம்.

முன் பெஞ்சில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவள் நின்றாளா போனாளா என்று வந்து சொல்லுங்கள். எனக்கு இரண்டில் எதுவும் சம்மதம். கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் எப்போதும் இடம் இருக்கும்.

வந்ததும் கதையை ஆரம்பித்துவிடாதீர்கள். முதலில், நல்லாருக்கீங்களா என்று கேளுங்கள்.