ஒட்டடைக்குச்சிக்கு ஒரு வரவேற்பு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம். தூக்கம் வந்தால் பக்கத்துத் தோளில் சாய்ந்துகொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஒரு மனிதர் வாயில் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சிக் கிடந்த கதையை இன்றைக்குச் சொல்லப்போகிறேன். அதுவும் நல்ல சொல் இல்லை, வசவு.

ரொட்டிக்கடையில் மாவு பிசைகிற பெண் ஒருத்தி இருந்தாள். அவள் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். வேலை நாளெல்லாம் இருட்டுக் கூண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு வாயே திறக்காத மனிதர், வாரக் கடைசியில் கால்பந்து மைதானத்துக்குப் போய்ச் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டிவிட்டு வருவார். மூலைக் கொடிக்குப் பின்னால், கம்பி வேலியை ஒட்டிய முதல் வரிசையில் அவர் இடம். மைதானம் சின்னது. வேலிக்கும் கோட்டுக்கும் நடுவே ஓர் ஆள் படுத்தால் கால் நீட்ட இடமிருக்காது. அங்கிருந்து அவர் குரல் கொடுத்தால் மறுகோடியில் நிற்கும் கோல்கீப்பர்கூடத் திரும்பிப் பார்ப்பார் என்று கூட்டாளிகள் பெருமையடித்துக்கொள்வார்கள்.

அவர் அதிகமாகத் திட்டியது ஒரே ஓர் ஆளைத்தான். எதிரணி ஆட்டக்காரன், நாட்டுக்காகவும் ஆடியவன், பத்திரிகையில் படம் வராத வாரமே இல்லாதவன். நெட்டை, அதற்கேற்ற ஒல்லி. நம் லிஃப்ட்காரரின் கிளப்பைக் கண்டால் மட்டும் அவன் கால்களுக்கு எங்கிருந்தோ ஒரு வெறி வந்துவிடும். ஒரு வருஷம் ஆட்டம் முடிகிற நேரத்தில் கோல் போட்டுக் கைக்கு எட்டிய கோப்பையைத் தட்டிப் பறித்தான். இன்னொரு வருஷம் கிளப்பைக் கீழ் டிவிஷனுக்கே தள்ளிவிட்டான். கார்னர் கிக் எடுக்க அவன் வந்து பந்தை வைத்தால் போதும், லிஃப்ட்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டு, "டேய் ஒட்டடைக்குச்சி" என்று ஆரம்பிப்பார். அவன் உதைக்கும்வரை நிறுத்த மாட்டார். வருஷக்கணக்காக இதே பூசைதான்.

"பாவங்க, அவரும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே" என்பாள் மனைவி.

"பெத்தவங்களையா திட்டுறேன்? அவனைத்தானே."

அப்படிக் கத்திய லிஃப்ட்காரரைத்தான் ஒரு காலைவேளையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, பக்கவாதம் வந்து அடித்துப் போட்டது. கால் ஓரளவு தேறியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வலது கை பாதிதான் சொன்னபடி கேட்டது. பேச்சு மட்டும் திரும்பவேயில்லை. பிறர் சொல்வதெல்லாம் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் காற்றுதான் வரும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். கோப்பை, சாவி, மாடு என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டிச் சொல்லச் சொல்வாள். முதலில் அவரும் நெற்றி வியர்க்க வியர்க்க முயன்றார். பிறகு ஒரு நாள் அட்டைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அதன்பின் யாருக்காகவும் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பெண் அடுக்களைக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "முயற்சியையே விட்டுட்டாங்கன்னா ரொம்பக் கஷ்டம்மா. எந்த வார்த்தையா இருந்தாலும் சரி, ஒண்ணு வந்துட்டா அதைப் பிடிச்சுக்கிட்டு மேல போகலாம்."

அதிலிருந்து மனைவி மாவைப் பிசையும்போதெல்லாம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே பிசைந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. கணவரின் கூட்டாளி டாக்ஸிக்காரர் வண்டியை அப்படியே தெருவில் போட்டுவிட்டு ரொட்டிக்கடைக்குள் ஓடிவந்தார். பின்னாலேயே அவள் தம்பி, குழாய் ரிப்பேர் செய்பவன், கையில் ஸ்பேனரோடு வந்து நின்றான்.

"தங்கச்சி, கேட்டியா அநியாயத்தை? அந்த ஒட்டடைக்குச்சியை நம்ம கிளப்பு வாங்கிட்டாங்க. நம்ம வீட்டை இடிச்சவனையே கொத்தனாரா கூட்டிட்டு வந்திருக்கானுங்க."

"இடிச்சவனுக்குத்தானே அண்ணே தெரியும், எந்தச் சுவரு எங்க வீக்குன்னு" என்றான் தம்பி.

"முப்பத்தெட்டு வயசுடா. ஓடணும்னா முதல்ல முட்டிகிட்ட பர்மிஷன் வாங்கணும்."

"அவன் நின்னுக்கிட்டு உதைச்சாலே நம்ம பசங்க ஓடி உதைக்கிறதைவிட நல்லாத்தான் போகும்."

டாக்ஸிக்காரர் ஒரு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். பிறகு வேறு குரலில் சொன்னார்: "இருந்தாலும் பாரேன். மழை பெய்ஞ்சா நம்ம மைதானத்துல குடை பிடிச்சுக்கிட்டு உக்காருறோம். நம்மள நம்பி யாருடா வருவா? எவ்வளவு பெரிய மனுசன். வர்றேன்னு சொல்லியிருக்காரே."

ரொட்டி ஆறுவதற்குள் 'அவன்' 'அவர்' ஆகிவிட்டதை மனைவி கவனித்தாள். சிரிப்பு வந்தது. உடனே கணவர் நினைவும் வந்தது.

"இவருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? டாக்டர் அதிர்ச்சியே கூடாதுன்னு சொல்லியிருக்காரே."

மூவரும் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெரிய அறிவாளிகள்தான். பேப்பரை ஒளித்து வைப்பது, டிவியைக் கெடுத்து வைப்பது என்று தீர்மானித்தார்கள். தம்பி போய் டிவிக்குப் பின்னால் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு, "டிவி ரிப்பேர் மாமா, ஆளுகிட்ட சொல்லியிருக்கேன், நாளைக்கு வருவான்" என்றான். லிஃப்ட்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். இருபது மாடிக்கு ஒயர் இழுத்தவரிடம் வந்து இவன் ஒயர் கதை சொல்கிறான்.

மூவரும் அடுக்களையில் நின்று, இதை இன்னும் எத்தனை நாளைக்கு மறைக்க முடியும் என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் டிவி சத்தம் கேட்டது. மேசையை இடுப்பால் நகர்த்தி, இடது கையாலேயே ஒயரைச் செருகியிருந்தார். திரையில் அந்த நெட்டை மனிதர் இவர்கள் கிளப்பின் பனியனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெட்கப்பட்டதுபோல் சிரித்தார்.

"டேய் ஒட்டடைக்குச்சி."

அடுக்களையில் யாரும் அசையவில்லை. கணீரென்று, ஓர் எழுத்துக் குறையாமல், பழைய குரல். மனைவி ஓடிவந்து பார்த்தபோது லிஃப்ட்காரர் தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டிருந்தார். பிறகு கையை எடுத்துவிட்டு இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். வந்தது.

"அக்கா, மாமா பேசிட்டாரு."

"எங்கடா பேசினாரு, திட்டினாரு" என்றார் டாக்ஸிக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மறுநாள் பயிற்சிப் பெண் கேட்டுவிட்டுக் கைதட்டினாள். "புதுசா யோசிச்சுப் பேசுறது வேற, சொல்லிச் சொல்லிப் பழகினது வேறம்மா. பாட்டு, சாமி பேரு, வசவு, இதெல்லாம் சில பேருக்கு முதல்ல வந்துடும்."

"சாமி பேரும் வந்திருக்கலாமேம்மா" என்றாள் மனைவி.

ஆனால் வந்தது இதுதான். தண்ணீர் வேண்டுமானால் டேய் ஒட்டடைக்குச்சி. மனைவியைக் கூப்பிட்டாலும் அதுவே, ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும் அதுவே. அவருடைய அக்கா போனில், "எப்படிடா இருக்கே?" என்று கேட்டபோது இவர் அதையே சொல்லிவைத்தார். அந்த அம்மாள் நல்ல பருமன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்னைப் பார்த்து இதுவரைக்கும் யாருமே அப்படிச் சொன்னதில்லடா, நல்லா இரு" என்றார்.

வீட்டில் சிரித்தாகிவிட்டது. வெளியே அப்படியில்லை. மருந்துக்கடையில் மாத்திரையைக் காட்டி ஏதோ கேட்கப்போய் இந்தச் சொல் வாயில் வர, வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். லிஃப்ட்காரர் காது வரை சிவந்துபோனார். வீட்டுக்கு வந்து மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். இன்னொரு தடவை நாலு பேர் சிரித்தால் இந்த வாய் நிரந்தரமாக மூடிக்கொள்ளும் என்று மனைவிக்குத் தெரிந்துபோயிற்று.

அந்த வாரம் கிளப் ஒரு நாள் பயிற்சியை ரசிகர்கள் பார்க்கலாம் என்று அறிவித்தது. புதிய ஆட்டக்காரர் வேலிவரை வந்து எல்லோருக்கும் கை கொடுப்பாராம். லிஃப்ட்காரர் காலணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"வேண்டாங்க. அங்க எல்லாரும் அவரைத் தலைமேல தூக்கி வச்சு ஆடிக்கிட்டிருப்பாங்க. அங்க போய் நீங்க…"

அவர் காலணியை மடியிலிருந்து இறக்கவில்லை. பயிற்சிப் பெண்தான் யோசனை சொன்னாள்: வணக்கம் என்று ஒரு சொல்லைப் பழக்கிவிடலாம். பழக்கினார்கள். 'வ' வரை வந்தது, அதற்குமேல் வண்டி நகரவில்லை. போகிற அன்று மனைவி கிளப் பனியனுக்குள் முதலில் அவருடைய வலது கையை நுழைத்து, பிறகு தலையை நுழைத்து, குழந்தைக்குப் போடுவதுபோல் இழுத்துவிட்டாள். ஒரு துணிப்பையில் அன்று காலை சுட்ட ரொட்டியை வைத்துக்கொண்டாள். பயம் வந்தால் கையில் ஏதாவது சுமை இருக்க வேண்டும் அவளுக்கு.

வேலியோரம் ஒரே நெரிசல். டாக்ஸிக்காரரும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்று லிஃப்ட்காரரை முன்னால் கொண்டுபோய் விட்டார்கள். அவருடைய அதே மூலை. நெட்டை மனிதர் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தபடி வந்தார். கிட்டத்தில் பார்த்தால் காதோரம் நரைத்திருந்தது. "நன்றி தலைவா, எங்களைத் தேடி வந்தீங்களே" என்று பின்னால் யாரோ தழுதழுத்தார்கள்.

லிஃப்ட்காரருக்கு எதிரே வந்து நின்றார். கை நீட்டினார்.

"வ…" என்றார் லிஃப்ட்காரர். கழுத்து நரம்பு புடைத்தது. "வ… வ…"

மனைவி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டேய் ஒட்டடைக்குச்சி."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "யாருய்யா அது" என்று ஒருவர் சீறினார். தம்பி முந்திக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க சார், மாமாவுக்கு உடம்பு சரியில்ல, அவரு வேணும்னு…" என்று உளறினான். லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். திரும்பி நடக்கக் காலைக்கூட எடுத்துவிட்டார்.

"இருங்க, இருங்க" என்றார் ஆட்டக்காரர். வேலிக்கம்பிக்குள் விரல்களை விட்டு இவருடைய பனியனைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் குரல் எனக்குத் தெரியும். இந்தக் கொடிகிட்ட பந்தை வைக்கும்போதெல்லாம் கேப்பேன். கடைசியா இங்க ஆட வந்தப்ப கேக்கல. பந்தை வச்சுட்டு ஒரு நிமிஷம் நின்னேன். என்னவோ மாதிரி இருந்துச்சு. உதைச்ச பந்து நேரா வெளிய போயிடுச்சு."

அந்தக் கடைசி ஆட்டத்தின்போது இவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். பக்கத்துக் கட்டில்காரர்கூட இவர் பேசாததைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் இந்தக் கொடியோரம் ஒருத்தர் நின்று காது கொடுத்துத் தேடியிருக்கிறார். மனைவி வேலியை நெருங்கினாள். உள்ளதைச் சொல்லிவிட்டாள்: "வாதம் வந்து பேச்சு போயிடுச்சுங்க தம்பி. இந்த ஒரு வார்த்தை மட்டும்தான் நிக்குது. மனசுல இருக்கிறது வேற. வணக்கம் சொல்லணும்னுதான் வந்தாரு."

ஆட்டக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். நிமிர்ந்தபோது லிஃப்ட்காரரின் முகத்தை மட்டும் பார்த்துப் பேசினார்.

"எனக்கும் வயசாயிடுச்சு அண்ணே. இங்க எல்லாரும் பாராட்டிக்கிட்டே இருக்காங்க. பயமா இருக்கு. முட்டி முன்ன மாதிரி இல்ல. நீங்க திட்டினாத்தான் பந்து எங்க போகணுமோ அங்க போகும்."

லிஃப்ட்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் கீழே பார்த்தார். கால்சட்டைக்குக் கீழே, தழும்பு ஓடிய முழங்கால். அவர் உதடு எதையோ தேடியது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எந்த அட்டையிலும் அந்தப் படம் இல்லை.

"மு… முட்டி?"

"ஆமாண்ணே, இதுதான்." ஆட்டக்காரர் காலைத் தூக்கி வேலிக்கம்பியில் ஊன்றிக் காட்டினார். லிஃப்ட்காரர் இடது கை விரல்களைக் கம்பிக்குள் விட்டு, மோட்டாரின் சூட்டைத் தொட்டுப் பார்ப்பதுபோல அந்த முட்டியைத் தொட்டார். கொஞ்சம் மடக்கச் சொல்லிச் சைகை காட்டினார். மடக்கியபோது 'களுக்' என்றது.

"எண்ணெய்" என்றார் லிஃப்ட்காரர்.

அவ்வளவுதான், அந்த மூலை முழுக்கச் சிரித்தது. ஆட்டக்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து சிரித்தார். மனைவி பதறிப்போய்க் கணவரைப் பார்த்தாள். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். பல் தெரிய, தோள் குலுங்க. காது சிவக்கவில்லை. சிரிப்பு அடங்குமுன் இன்னொரு தடவை, "எண்ணெய்" என்று சொல்லிக் கூட்டத்தை மறுபடி சிரிக்க வைத்தார்.

அவளுக்கு அந்தப் பெரிய மனிதரிடம் நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது. நெஞ்சு முட்ட இருந்தது. வாயில் வந்தது என்னவோ, "சாப்பிட்டீங்களா தம்பி?"

"இன்னும் இல்லம்மா."

துணிப்பையை வேலிக்கு மேலாகத் தூக்கிக் கொடுத்தாள். அவர் அங்கேயே ஒரு துண்டு பிய்த்துத் தின்றபடி அடுத்த ரசிகருக்கு இடது கையைக் கொடுத்தார்.

அந்த வருஷம் கிளப்புக்குக் கோப்பையெல்லாம் கிடைக்கவில்லை. ஆட்டக்காரரும் மழை நாட்களில் பாதி ஆட்டம் ஓரமாக உட்கார்ந்துதான் இருந்தார். லிஃப்ட்காரருக்குப் பேச்சு முழுசாகத் திரும்பியது என்று சொன்னால் அது பொய். ஆனால் அன்று திரும்பி வரும்போதே டாக்ஸியில், "மெதுவா" என்று ஒரு சொல் வந்தது, டாக்ஸிக்காரர் ஓட்டுகிற வேகத்தைப் பார்த்து. அப்புறம் மாதத்துக்கு நாலைந்தாக, கோணல்மாணலாக, ஒவ்வொன்றாக வந்தன. கவிழ்த்து வைத்த அட்டைகளை அவரே நிமிர்த்தி வைத்தார். மனைவி இப்போதும் மாவைப் பிசையும்போது மனசுக்குள் பேசுகிறாள். கேட்பது இல்லை, நன்றி சொல்வது.

நீங்களும் நன்றாக இருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் யார் குரலாவது ஒரு நாள் கேட்காமல் போனால், அதைத் தேடி நின்று காது கொடுக்க ஓர் ஆள் எப்போதும் இருக்கட்டும். திட்டோ கொஞ்சலோ, உங்கள் கூடத்தில் பேச்சு ஓயாமல் நிறைந்திருக்கட்டும்.