ஜி. நஜிபுல்லா

ஹார்மன் சிறுசேரிக்கு வருகிறான் என்பதை முதலில் பார்த்தது என் மனைவி அக்தர் பேகம்தான். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் பாதுகாப்பு ஆலோசகராக நாலு நாள் சென்னையில் இருக்கப் போவதாக அவனே பேஸ்புக்கில் போட்டிருந்தான்.

"அல்லாவாப் பாத்து அனுப்பி வெச்சிருக்கான். லெட்டரை எடுத்துகினு போய் நேர்லயே கையெழுத்து வாங்கிடுங்க. மெயிலைப் போட்டுகினே எத்தினி நாளு குந்திகினு இருப்பீங்க?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம்தான். எட்டு மாதத்தில் நான் அனுப்பிய பதினோரு மெயிலுக்கும் அந்த மகராசனிடமிருந்து ஒரு வரி பதில் இல்லை.

இப்போது நான் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் ஸ்டோர் கீப்பர். அதற்கு முன் ஒன்பது வருஷம் காந்தஹார் பக்கத்தில் ஓர் அமெரிக்க ராணுவ முகாமில் சலவைப் பிரிவைப் பார்த்துக்கொண்டேன். ஹார்மன் எங்கள் மேலாளர், அமெரிக்கன். நஜிபுல்லா என் கீழே வேலை செய்த ஆப்கானியர்களில் முதல் ஆள். எனக்குக் காய்ச்சல் வந்தால் என் வேலையையும் சேர்த்துச் செய்வான், அதை யாரிடமும் சொல்லவும் மாட்டான்.

நான் போய் இறங்கியபோதே போர் முடியப்போகிறது என்றார்கள். 2014 என்றார்கள். பிறகு 2016 என்றார்கள். பிறகு கொஞ்ச நாள் யாரும் வாயே திறக்கவில்லை. முகாமை மூடப்போகிறோம் என்று மூன்று தடவை கேக் வெட்டினோம். மூன்றாவது கேக் வெட்டிய மறுவாரம் கண்டெய்னரில் இருபது புது வாஷிங் மெஷின் வந்து இறங்கியது. ஹார்மன் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினான். புலி வாலைப் பிடித்த கதைதான், வேறென்ன. பிடித்திருக்கவும் முடியவில்லை, விடவும் பயம். கடைசியில் 2021 ஆகஸ்டில் விட்டார்கள். புலி பாய்ந்தது வாலைப் பிடித்தவன் மேல் இல்லை, பக்கத்தில் நின்றவன் மேல்.

நான் அதற்கு முந்தைய வருஷமே கொரோனா விமானத்தில் தாம்பரம் வந்து சேர்ந்துவிட்டேன். ஹார்மனும் அவன் ஊருக்குப் போய்விட்டான். நஜிபுல்லா, மனைவியையும் மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு காபூல் விமான நிலையத்துக்கு வெளியே சாக்கடையில் மூன்று நாள் நின்றான். 'உன்னை விட்டுவிட மாட்டேன், சத்தியம்' என்று ஹார்மன் அவனுக்கு மெசேஜ் அனுப்பியிருந்தான். அந்த மெசேஜை கேட்டில் நின்ற சிப்பாயிடம் காட்டினானாம். சிப்பாய் படித்துப் பார்த்துவிட்டு, நல்ல மனுஷர் போலிருக்கிறது என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்தானாம்.

இப்போது ராவல்பிண்டியில் ஒரே அறையில் ஐந்து பேரும் இருக்கிறார்கள். பாகிஸ்தான் விசா காலாவதி. போலீஸ் தெருத் தெருவாக ஆப்கானியர்களைப் பிடித்து எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளுகிறது. தங்களுக்கு உழைத்தவர்களுக்கென்று அமெரிக்கா ஒரு தனி விசா வைத்திருக்கிறது. அதற்கும் இந்த டிசம்பரோடு கதவு அடைப்பு. நஜிபுல்லாவின் மனுவை, 'இப்படி ஓர் ஆள் வேலை செய்ததற்குப் பதிவில்லை' என்று தள்ளிவிட்டார்கள்.

பதிவு இருந்தது. அதைக் கெடுத்தவன் நான்.

அவனுக்கு நஜிபுல்லா என்று ஒரே பெயர்தான். அந்த நாட்டில் அது சகஜம். டைம் ஷீட்டில் பெயருக்கு இரண்டு கட்டம், ஒன்றைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது. அமெரிக்கர்கள் அந்த மாதிரி ஆட்களுக்கு 'எஃப்.என்.யு.' என்று போடுவார்கள். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். எனக்குச் சுரீரென்றது. எதிரே நிற்கிற மனுஷனைப் பெயர் தெரியாதவன் என்று எழுதுவதா? அப்பா பேர் என்ன என்று கேட்டேன். குலாம் என்றான். என் அத்தா அப்துல் கஃபார், நான் ஏ. ஷாகுல் ஹமீது. அதே முறையில் அவனை ஜி. நஜிபுல்லா ஆக்கினேன். அவன் கீழே இருந்தவர்களுக்கும் ஆளுக்கு ஓர் இனிஷியல் போட்டு, பெரிய மரியாதை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அடையாள அட்டையில் எஃப்.என்.யு. நஜிபுல்லா, சம்பளப் பதிவில் ஜி. நஜிபுல்லா. தூதரகத்துக்கு இருவரும் வேறு வேறு ஆட்கள்.

இருவரும் ஒருவரே என்று நான் முத்திரைத் தாளில் எழுதி அனுப்பினேன். அமெரிக்கக் குடிமகனான மேலாளர் சொல்ல வேண்டும் என்று பதில் வந்தது. நஜிபுல்லாவிடம் மட்டும், கம்பெனிக்காரன் செய்த தப்பு என்று சொல்லி வைத்திருந்தேன். எட்டு மாதமும் அந்தப் பொய்யைக் கட்டிக் காத்தேன்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு வண்டலூர் கேளம்பாக்கம் ரோட்டில் பைக்கில் போனேன். வரவேற்பறைக்கே ஹார்மன் இறங்கி வந்தான். கட்டிப்பிடித்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. காபி வாங்கிக் கொடுத்து, அக்தரின் முட்டி வலியைக்கூட ஞாபகமாக விசாரித்தான். அந்த ஐந்து நிமிஷம், இவனையா திட்டினோம் என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

கடிதத்தை நீட்டினேன். இருவரும் ஒருவரே என்று எட்டே வரி. இரண்டு தடவை படித்தான்.

"ஷா, பழைய கம்பெனியை வேறு கம்பெனி வாங்கிவிட்டது. எங்களைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று அவர்கள் வக்கீல் எழுதியிருக்கிறார்."

"சார், இவன்தான் அவன்னு உங்களுக்குத் தெரியும். தினமும் அவன் கையில டீ குடிச்சிருக்கீங்க."

"எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஜி எங்கிருந்து வந்தது? அது நீ எழுதியது. நாளைக்கு விசாரணை என்று வந்தால் நான் என்ன சொல்வேன்?"

"தமிழன் ஒருத்தன் அப்பா பேரைச் சேர்த்து எழுதிட்டான்னு சொல்லுங்க."

அவன் சிரிக்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டே, நாலு வருஷமாகத் தூக்கமில்லை, மாத்திரை சாப்பிடுகிறேன், அந்த விமான நிலையத்தை டிவியில் பார்த்து அழுதேன் என்றான். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே அழுதான். அக்கம்பக்கத்தில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்து, விடுங்க சார், விடுங்க சார் என்று தேற்றிக்கொண்டிருந்தேன். கையெழுத்து வாங்கப் போனவன் கண்ணீர் துடைத்துவிட்டு வந்தேன். துரோகம் பண்ணுகிறவன் கல்நெஞ்சனாக இருந்தால் சட்டையையாவது பிடிக்கலாம். இவன் கழுவுற மீனில் நழுவுற மீன்.

"கடிதம் என்னிடமே இருக்கட்டும். வக்கீலிடம் இன்னொரு தடவை கேட்கிறேன்" என்றான். அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. நாலாவது கேக்கையும் வெட்டிவிட்டான் என்று புரிந்தது. கிளம்பும்போது கம்பெனி பெயர் போட்ட தொப்பி ஒன்றைக் கையில் திணித்தான். ரோட்டுக்கு வந்ததும் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

மாம்பாக்கம் தாண்டி ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தியபோது நஜிபுல்லாவே கூப்பிட்டான். நாங்கள் பேசுவது எப்போதும் இந்தியில்தான்.

"போட்டாரா பாய்?"

வக்கீலிடம் கேட்கிறாராம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் அவன் இன்னும் ரெண்டு வாரம் அந்த அறையிலேயே காத்துக்கொண்டிருப்பான்.

"போடலை. போடவும் மாட்டார். வேற வழி பாரு, இன்னிக்கே பாரு."

அவன் பெண்களில் ஒருத்தி பின்னால் ஏதோ சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சும்மா இருக்கச் சொன்னான்.

"என்ன காரணம் சொன்னார்?"

"அந்த ஜி."

"கம்பெனி தப்புன்னு சொன்னியே. திருத்த முடியாதா?"

"கம்பெனி இல்லை பாய். நான்தான் எழுதினேன். எங்க ஊர் வழக்கம். மரியாதைன்னு நினைச்சு எழுதினேன்."

அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எங்க அப்பா பேரைக் கேட்டப்போ சந்தோஷப்பட்டேன்" என்றான். பிறகு, "உன் போன்ல என் போட்டோ இருக்கா?" என்று கேட்டான்.

"நிறைய இருக்கு."

"எல்லாத்தையும் அழிச்சிடு. எங்களை எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிட்டா, அமெரிக்காக்காரனுக்கு வேலை செஞ்சதுக்கு அதுதான் சாட்சி. பொண்ணுங்க படத்தையும், இந்த நம்பரையும். யாராவது கேட்டா என்னைத் தெரியாதுன்னு சொல்லு."

"நஜிப், நான் போய் உன்னைக் காட்டிக் கொடுப்பேனா?"

"ஹார்மன் சாருக்கும் இதையேதான் எழுதப்போறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அன்றுவரை அவன் என்னையும் ஹார்மனையும் ஒரே தட்டில் வைத்து ஒரு வார்த்தை பேசியதில்லை.